பதினொரு துண்டுத் துணி: புதுச்சேரிப் பூவிரிப்பைத் தேடி

பாரிஸில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எலும்புக்கூடுகளுக்கும் உலர்செடிகளுக்கும் பேர்போனது. அதன் நூலகத்தில் புதுச்சேரித் துணியும் இருக்கிறது. ஒரு கையெழுத்துப் பிரதியோடு சேர்ந்த 11 சிறு துண்டுகள் அவை. ஏறத்தாழ 1734இல், பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் புதுச்சேரியில் சீலை எழுதும் ஒருவரைத் தம் கண்ணெதிரே வேலை செய்யச் சொன்னார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். கட்டில்விரிப்புக்கும் பாவாடைக்கும் ஆன பூத்துணியின் செய்முறை, எலும்புக்கூடுகள் இருக்கும் இடத்துக்கு ஏன் போய்ச் சேர்ந்தது?

இந்தக் கேள்விக்கு நான் எதிர்த்திசையிலிருந்து வந்தேன். என் வேலை தொடங்கியது பிள்ளைச்சாவடியில். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டை ஒட்டிய கடலோர ஊர் அது. அந்தக் கரையிலும் புதுச்சேரி நகரத்திலும் உள்ள வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த போர்வைகளையும் விரிப்புகளையும் பட்டியலிடுவதுதான் திட்டம். குறிப்பாக ஒன்றைத் தேடினேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பெரிய பூவிரிப்பு. நடுவில் ஒரு குன்று, அதிலிருந்து வளைந்தெழும் மரம், கிளைக்குக் கிளை வெவ்வேறு பூ, சுற்றிலும் பூக்கரை. ஐரோப்பியர் ‘பலம்போர்’ என்று அழைத்த அந்த விரிப்புகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் குடும்பச் சொத்தாகப் பாதுகாக்கப்பட்டுப் பிறகு அருங்காட்சியகங்களுக்கு வந்தவை அவற்றில் பல. செய்த ஊரில் ஒன்றாவது மிஞ்சியிருக்காதா என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

பெட்டியில் இருந்தவை

டிரங்குப் பெட்டிகள் திறந்தன. “இது பிரெஞ்சுக்காரன் காலத்துத் துணி தம்பி, பூவெல்லாம் கையால போட்டது” என்று ஓர் ஆயா எடுத்து நீட்டிய வெள்ளை விரிப்பில், வெள்ளை நூலாலேயே பூத்தையல் போட்டிருந்தது. இப்படிப்பட்ட துணியைக் கையில் வாங்கியதும் முதலில் பின்புறத்தைத் திருப்ப வேண்டும். பூத்தையல் என்றால் அங்கே முடிச்சும் நூல் தாவிய தடமும் தெரியும். அச்சுத்துணி என்றால் பூ மங்கலாக இருக்கும், சில இடங்களில் வெறும் வெள்ளையாகவே இருக்கும். கையால் எழுதிச் சாயம் ஏற்றிய துணியில் சாயம் நூலுக்குள் இறங்கி மறுபுறமும் பூவின் வடிவைக் காட்டும். அந்த ஆயாவின் விரிப்பில் இருந்தது முடிச்சு.

புதுச்சேரியில் இந்தத் தையலுக்குத் தெளிவான பூர்வீகம் உண்டு. புனித சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே வந்து பெண்களுக்குப் பள்ளியும் தையல் கூடமும் நடத்தினார்கள். ரொமேன் ரோலான் வீதியில் பிரெஞ்சுக் காலத்து மாளிகை ஒன்றில் அவர்களுடைய பூத்தையல் கூடம் தொடர்ந்து இயங்கி வந்திருக்கிறது. மேசைவிரிப்பு, தலையணை உறை, படுக்கைவிரிப்பு என்று அங்கே கற்ற கைகள் தைத்தவை நகரத்து வீடுகளில் சீதனமாகக் கைமாறின. அவை விலைமதிப்பற்றவை. ஆனால் நான் தேடிய விரிப்புகள் அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தவை.

மற்ற பெட்டிகளில் பழைய நூல் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட விரிப்புகள் இருந்தன. குழந்தை பிறந்தால் அதில்தான் கிடத்துவார்கள். பல வீடுகளில் பெட்டியே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2011 டிசம்பர் 30 தானே புயலும் இந்தக் கரையில் எதையெல்லாம் கொண்டுபோயின என்பதை இங்குள்ளவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. பூவிரிப்பு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. துணி கிடைக்காத இடத்தில் தாளைத் தேடுவதுதான் ஆய்வாளருக்கு மிஞ்சும் வழி.

தாள்கள் சொன்னது

புதுச்சேரி என்றதும் கை போகும் முதல் நூல், பிரெஞ்சுக் கும்பினியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை நீளும் பதிவு அது. 1846இல் கலுவா மோம்பிரேன் அதைக் கண்டெடுத்த பிறகே உலகம் அறிந்தது. பிள்ளை துணி வணிகத்தில் ஊறியவர். லெனுவார் ஆளுநராக இருந்த காலத்தில் பரங்கிப்பேட்டையில் நீலத்துணி நெய்து சாயமேற்றும் பண்டகசாலைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவர் எழுத்தில் துணி வணிகத்தின் உலகம் விரிகிறது. கும்பினி வணிகர்கள், ஒப்பந்தம், முன்பணம், மூட்டை, கப்பல் வருகை என்று அது நீள்கிறது. நான் தேடிப் படித்த பக்கங்களில், துணியின் மேல் எழுதுகோல் பிடித்தவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. துபாஷியின் பார்வை மூட்டை கட்டிய பிறகுதான் தொடங்குகிறது. பொலியூ புதுச்சேரியில் செய்த சோதனையோ நாட்குறிப்பு தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முந்தியது.

அடுத்து, துணியை வாங்கிய நாடுகளின் சட்டங்களைப் பார்த்தேன். பிரான்ஸ் 1686 அக்டோபரில் இந்தியப் பூத்துணிக்குத் தடை போட்டது. பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பைக் காக்க என்று சொல்லிப் போட்ட அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1721இல் இயற்றிய தடைச் சட்டம் மறு ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்தது. தடையால் ஆசை அடங்கவில்லை. லண்டன் நாடக நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டிலுக்கு வந்த மசூலிப்பட்டினத்துப் பூந்திரைகளை 1775இல் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். இன்று அந்தக் கட்டிலும் திரையும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்ன பொருளை நாமே செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுத்தது இயல்பு. அதற்குச் செய்முறை வேண்டும். செய்முறை இருந்த இடம் இந்தக் கரை.

பாரிஸ் புதிருக்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. பொலியூவிடம் இந்த விவரங்களைக் கேட்டவர் சார்ல் துய்ஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று கண்டு சொன்ன வேதியியலாளர் அவர். பிரெஞ்சு அரசின் சாயத் தொழிலை மேற்பார்த்தவரும் அவரே. 1732 முதல் பாரிஸின் அரச தாவரத் தோட்டத்துக்குத் தலைவராகவும் இருந்தார். புரட்சிக்குப் பிறகு அந்தத் தோட்டம்தான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாறியது. சாயத்துறை மேற்பார்வையாளருக்குப் போன குறிப்பு, அவர் தலைமை வகித்த தோட்டத்தோடு நின்று, தோட்டத்தின் வாரிசான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. துணி ஆய்வாளர்கள் தேடும் அலமாரி வேறு என்பதால் அது நெடுநாள் கவனிக்கப்படாமல் கிடந்தது. பிரான்சின் மூலூஸ் நகரத்துத் துணி அச்சு வரலாற்றாய்வாளர் போல் ஷ்வார்ட்ஸ் அதை ஆராய்ந்து 1950களில் வெளியிட்டார். அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகம் நடத்திய இந்தியத் துணி வரலாற்று இதழில் அது வந்தது.

இதில் என்னை நிறுத்தியது ஒன்று உண்டு. உலகத்து அருங்காட்சியகங்களில் உள்ள பூவிரிப்புகளின் சீட்டில் பெரும்பாலும் ‘சோழமண்டலக் கரை’ என்று மட்டுமே இருக்கும். கிருஷ்ணா நதி முகத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நீளும் கரை அது. எந்த ஊர், எந்தத் தெரு என்று அவற்றைக் கட்டி நிறுத்த வழியில்லை. பொலியூவின் 11 துண்டுகளுக்கோ முகவரி இருக்கிறது. புதுச்சேரியில், ஒருவர் கண்ணெதிரே செய்யப்பட்டவை என்று கையெழுத்துப் பிரதியின் தலைப்பே சொல்கிறது. என் தேடலில் இவ்வளவு உறுதியாக இந்த ஊரின் பேர் சொன்ன பூத்துணி வேறு கிடைக்கவில்லை.

ஒரு பாதிரியாரின் கடிதம்

பொலியூவின் குறிப்பைச் சரிபார்க்க இன்னொரு சாட்சி இருக்கிறது. சேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1732இல் இந்தியா வந்தவர், 1779இல் புதுச்சேரியில் இறந்தவர். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை ஆதாரத்தோடு முன்வைத்த முன்னோடிகளில் ஒருவர். அவர் 1742 ஜனவரியில் எழுதிய நீண்ட கடிதம் பூத்துணி செய்முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. கிறிஸ்தவ சமயத்துக்கு வந்த சீலை எழுதுவோரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதாக அவர் சொல்கிறார். சேசு சபையார் வெளியிட்ட கடிதத் தொகுப்பில் அது அச்சேறி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1747இல் கூடுதல் விளக்கமும் எழுதினார்.

இரண்டு சாட்சியங்களையும், மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ராக்ஸ்பரோ 1795இல் சாயவேர் பற்றி வெளியிட்டதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் வேலையின் வரிசை துலங்குகிறது.

காடாத் துணியை அரைகுறையாக வெளுத்து எடுப்பார்கள். அரைத்த கடுக்காயை எருமைப்பாலில் கலந்து அதில் முக்கிப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து நூலைப் பற்றிக்கொள்ளும், பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். பிறகு மரக்கட்டையால் தட்டி மழமழப்பாக்குவார்கள். ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரிப்பொடி மூட்டையால் ஒற்றினால் பூவின் கோடு புள்ளி புள்ளியாக இறங்கும். மூங்கில் எழுதுகோலின் நடுவில் கட்டிய மயிர்ச்சுருளை லேசாக அழுத்த அழுத்த மை கசியும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பை ஊறவைத்த புளிப்புச் சாறு. சிவப்புக் கோட்டுக்குப் படிகார நீர். படிகாரத்துக்கு நிறமில்லை. எழுதுபவர் கண்ணுக்குத் தெரிவதற்காக அதில் பதாங்கக் கட்டையின் சாறு சேர்ப்பார்கள்.

நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் உருக்கிய மெழுகால் மூடுவார்கள். அந்தத் துணி இப்போது வேறொருவர் கைக்குப் போகும். அவுரித் தாழியில் முக்குவது நீலச்சாயக்காரரின் தனித்தொழில், எழுதுபவர் அதில் கைவைப்பதில்லை. திரும்பி வந்ததும் கொதிநீரில் மெழுகை நீக்கி, படிகாரத்தால் மறுபடி எழுதி, சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போடுவார்கள். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பு ஏறும். மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறி, வெயிலில் விரித்து நீர் தெளிக்கத் தெளிக்கப் போய்விடும். மஞ்சள் கடைசியில் வரும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் இலை பச்சையாகும். ஒரு விரிப்பு இப்படி எழுதுபவர், நீலச்சாயக்காரர், வெளுப்பவர், வேர் தோண்டுபவர் என்று பல கை தாண்டி வந்தது.

இந்த வேதியியல் பழைய விரிப்புகளில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. 250 ஆண்டுக்குப் பிறகும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஆனால் பூவின் கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் நூல் பொடிந்து மயிரிழை அளவு பிளவு விட்டிருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பைக் கொடுத்தன, அந்த இரும்பே காலப்போக்கில் பஞ்சை அரித்தது. இதழ் அப்படியே நிற்க, அதன் விளிம்பு மட்டும் உதிர்ந்திருப்பதைக் கண்டால், கையால் எழுதிய கோடு என்று ஊகிக்க அது ஒரு நல்ல தடயம்.

மணலில் கிடைத்த சாட்சி

மூன்று ஆவணங்களும் ஒரே செடியைச் சுற்றி வருகின்றன. சாயவேர், சித்த மருத்துவத்தில் இம்பூறல். தாவரவியல் பெயர் ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா. கடலோர மணலில் தரையோடு தரையாகப் படரும் சிறு செடி. டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேரைத் தோண்டும் உரிமையைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தார்கள் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம்.

பிள்ளைச்சாவடிப் பக்கம் மூலிகை பறிக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். “இம்பூறலா? இருமல்ல ரத்தம் வந்தா குடுப்பாங்க தம்பி. இதுலயா துணிக்குச் சாயம் போட்டாங்க?” என்று வியந்தபடியே, மணலைக் கையால் ஒதுக்கி ஒரு செடியை மெதுவாக இழுத்தார். வெளியே தெரியும் செடி விரல் நீளம்கூட இல்லை. வேரோ மணலுக்குள் நீண்டுகொண்டே போனது. தையல் நூல் பருமன், மேல்தோல் காவி கலந்த மஞ்சள். நகத்தால் கீறி, சுண்ணாம்பு தொட்ட விரலில் தேய்த்ததும் சிவந்தது. அந்தச் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற பொருள். சிப்பி நொறுங்கிய மணலில் விளையும் வேரும், சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீரும் சேர்ந்தால் சிவப்பு ஆழமாகப் பிடிக்கும். எந்த ஊர்த் தண்ணீரில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று சாயக்காரர்கள் கணக்கு வைத்திருந்ததைக் கேர்தூவும் கவனித்து எழுதினார். மருந்தாக இந்தச் செடியின் அறிவு இங்கே உயிரோடு இருக்கிறது. சாயமாக அறிந்த அறிவு மட்டும் கரை தாண்டிப் போய்விட்டது.

போன கதையும் ஆவணத்தில் இருக்கிறது. 1759இல் பிரான்சில் தடை நீங்கியது. மறு ஆண்டே இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பூத்துணி செய்யும் விதம் பற்றிக் கெரெல் என்பவர் எழுதிய நூல் பாரிஸில் வெளிவந்தது. அதே 1760இல் ஓபர்காம்ப் பாரிஸ் அருகே ழூயி என்ற ஊரில் பூத்துணி அச்சுப் பட்டறை தொடங்கினார். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். அதன் பிறகு வேர் தோண்டுபவருக்கு வேலை இல்லை.

இங்கே ஏன் ஒன்றுமில்லை

ஐரோப்பிய வீட்டில் பூவிரிப்பு சொத்தானதற்கு அதன் அருமைதான் காரணம். சாயம் போகாத துணி அங்கே புதுமை. கிழிந்தாலும் தூக்கி எறிய மனம் வராது. விரிப்பை வெட்டிப் பாவாடை தைத்தார்கள். பூக்களை மட்டும் கத்தரித்து வேறு துணியில் வைத்துத் தைத்து, மேலே நூல்வேலை செய்து புது விரிப்பாக்கினார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் பேணிய பழைய ஒட்டுத்தையல் போர்வைகள் சிலவற்றில் இப்படி இந்தியப் பூக்கள் இருக்கின்றன.

இந்தக் கரையில் அதே விரிப்பு ஏற்றுமதிச் சரக்கு. வடிவமே வாங்குவோர் விருப்பத்துக்கு ஏற்ப மாறியது. சிவப்புத் தளம் வேண்டாம், வெள்ளைத் தளத்தில் பூ வேண்டும் என்று ஆங்கிலக் கும்பினி 1643இலேயே சூரத்துக்கு எழுதியிருக்கிறது. எழுதியவர் வீட்டுக் கட்டிலுக்கு அந்தத் துணி வர வாய்ப்பு குறைவு. மீதமிருந்ததையும் போர் கலைத்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையையும் வீடுகளையும் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பொலியூ முன் உட்கார்ந்து எழுதியவரின் பிள்ளைகள் உயிரோடு இருந்திருந்தால், அந்த இடிபாட்டுக்கு நடுவே எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்?

ஆகவே என் முடிவு இது. புதுச்சேரிப் பூவிரிப்பு இந்த ஊரில் துணியாகக் கிடைக்கவில்லை, செய்முறையாகக் கிடைக்கிறது. கைத்தொழிலைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக எழுதப்பட்ட தாள்களே இன்று அந்தத் தொழிலுக்கு நம்மிடம் உள்ள பூர்வீகப் பத்திரம். செடி இந்த மணலில் இருக்கிறது. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. பிள்ளைச்சாவடிக்கு மேற்கே ஆரோவில்லில் 1990களிலிருந்து அவுரித் தாழி நொதிக்கிறது. தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் மூங்கில் எழுதுகோலால் சீலை எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தொழிலான கருப்பூர்க் கலங்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பொலியூவின் குறிப்பும் கேர்தூவின் கடிதங்களும் நல்ல தமிழில், 11 துண்டுகளின் வண்ணப்படத்தோடு, ஒரே நூலாக வர வேண்டும். ஆய்வாளருக்கு முன்னால் அந்தக் கலங்காரிக்காரர்கள் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். எந்த வரி சரி, எந்த வரியில் கப்பல் தலைவர் கவனிக்கத் தவறினார் என்று சொல்லத் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொலியூவின் பேர் தெரியும், துய்ஃபேயின் பேர் தெரியும், கடிதம் எழுதிய பாதிரியாரின் பேர் தெரியும். துணியில் எழுதியவரின் பேரை மூவரில் யாரும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. இந்தக் குறையை நம் காலத்துத் துணிகளுக்காவது வராமல் செய்யலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய விரிப்போ போர்வையோ இருந்தால் துவைக்காதீர்கள். மடித்த மடிப்பிலேயே விடாமல் மாற்றி மடியுங்கள், முடிந்தால் துணி சுற்றிய குழலில் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் பொதிந்தால் போதும். முன்புறத்தையும் பின்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். தைத்தது யார், எந்த ஊரில் கற்றார், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, யார் யார் பிறந்து அதில் கிடந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வரியில் தைத்தவரின் முழுப் பேர் இருக்கட்டும். தாளைத் துணியோடு சேர்த்து வையுங்கள்.